ஓடிபி யாருக்குப் போகிறது?

ஒவ்வொரு மாதமும் 18, 19 தேதி வந்துவிட்டால் எங்கள் ஆபீசில் வேறு பேச்சே இருக்காது. “சார், ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.” “அண்ணா, சீக்கிரம், டைம் ஓடுது.” 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு உரிமையாளரின் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைப் போட்டால்தான் வேலை முடிந்தது. முன்பு கையெழுத்து செய்த வேலையை இப்போது இந்த எண் செய்கிறது. நானும் என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஏலம் விடுகிறவர்கள் மாதிரி கத்திக்கொண்டிருப்போம். இதில் ஒரு கோளாறு இருப்பது எனக்குப் பல வருஷம் உறைக்கவே இல்லை. “சார்”, “அண்ணா” என்று கூப்பிட்டு நாங்கள் எண் வாங்கும் ஃபைல்களில் நிறைய, பெண்கள் பெயரில் இருப்பவை.

சாலிக்கிராமத்தில் ஒரு மாடியில் இருக்கிறது என் ஆபீஸ். மெட்ரோ வேலைக்காக ஆற்காடு ரோட்டைத் தகரம் வைத்து மறைத்தார்களே, அதற்குப் பின்னால். ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்திலிருந்து இந்த வேலைதான். ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். சின்னக் கடைகள், பட்டறைகள், இரண்டு மூன்று கேட்டரிங்காரர்கள் என்று 128 ஃபைல்கள். போன வருஷம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், எண்ணிப் பார்த்தேன். 41 ஃபைல்களில் உரிமையாளர் பெண். அந்த 41-இல் ஓடிபி கேட்டு நான் போன் செய்தால் ஒரு பெண் எடுக்கிற ஃபைல்கள் 9.

அந்த ராத்திரி ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்கு 37-ஆம் நம்பர் ஃபைல் காரணம். அதற்கு வருகிறேன்.

பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் சென்னையில் பெண்கள் ராஜ்ஜியம்தான் நடக்கிறது. மகாலட்சுமி டிரேடர்ஸ், அன்னை ஹார்டுவேர்ஸ், மகள் பெயரில் மெடிக்கல்ஸ், அம்மா பெயரில் மெஸ். சாமி, தாய், மகள் மூவரும் பலகையில் இருப்பார்கள். கல்லாவில் அப்பா இருப்பார். இது எப்போதும் இருந்ததுதான். மனைவி பெயரைப் பலகையில் மட்டும் அல்ல, பதிவுச் சான்றிதழிலும் போடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவற்றைச் சொல்ல யாரும் கூச்சப்பட்டதில்லை. “கடன் வாங்க முடியாதபடி எனக்கு சிபில் ஸ்கோர் கெட்டுப்போச்சு மேடம், வொய்ஃப் பேர்ல போட்டுடுங்க.” “நான் கவர்ன்மென்ட் வேலையில இருக்கேன், என் பேர்ல கடை வைக்க முடியாது.” “என் கடை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிற 40 லட்சத்தைத் தாண்டிடும் போல இருக்கு, பாதி பில்லை அவங்க பேருக்கு மாத்திடலாமா?” இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மானியத்தைச் சொல்வார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நகரத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு 15 சதவீதம் மானியம் என்றால் பெண்ணுக்கு 25. சொந்தமாகப் போட வேண்டிய பங்கும் 10-க்குப் பதில் 5. மத்திய அரசுத் துறைகள் வாங்குவதில் 3 சதவீதம் பெண்களின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. அப்புறம் ராசி. “அவ பேர்ல ஆரம்பிச்சா ஓடும்னு ஜோசியர் சொன்னார்.” ராசிக்காக வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. அவர்கள் மட்டும்தான் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மற்றபடி அந்தப் பெண்களை நான் பார்த்ததே கிடையாது. பான் அட்டை, ஆதார் நகல், போட்டோ, கையெழுத்துப் போட்ட தாள்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரும். கவரைக் கொண்டு வருகிறவர் “வொய்ஃப்தான் ப்ரொப்ரைட்டர்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று வந்த பிறகு “கவுன்சிலர் வீட்டுக்காரர்” என்று ஒரு புதுப் பதவி தானாக முளைத்ததே, அதுபோலத்தான். அங்கே நாம் கேலி செய்கிறோம். இங்கே நான் ஃபீஸ் வாங்குகிறேன்.

37-ஆம் நம்பர் ஃபைல்

அம்பத்தூர் பக்கம் இரும்புக் கேட், ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை. ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறது. கணவர் நல்ல மாதிரி. பில்லை ஒழுங்காக அனுப்புவார், ஃபீஸ் பாக்கி வைக்க மாட்டார், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டு. இரும்பு வாங்கிய ஓர் இடத்தில் சிக்கல். விற்றவர் இவரிடம் வரியை வாங்கிக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அப்படிப் போனால் வாங்கியவரிடம்தான் கேட்பார்கள், சட்டம் அப்படி. நோட்டீஸ் ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்து விழுந்தது. வரி, 18 சதவீத வட்டி, அபராதம் என்று 3 லட்சத்துச் சொச்சம். நான் பார்த்தேன். உடனே போன் செய்து சொன்னேன். “பாத்துக்கலாம் மேடம், அவனைப் பிடிச்சிடுவேன்” என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் பாத்துக்கலாம். நாள் போய், உத்தரவும் வந்து, மேல்முறையீட்டுக்கான மூன்று மாதமும் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாற்பது நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண் படியேறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பெயரைச் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. பட்டறை பெயரைச் சொன்னதும்தான் எழுந்து நின்றேன். ஆறு வருஷமாக என் கிளையன்ட், முதல் முறையாகப் பார்க்கிறேன்.

முந்தின நாள் ஏடிஎம்மில் இரண்டாயிரம் எடுக்கப் போயிருக்கிறார். வரவில்லை. வங்கிக்குப் போனால் ஜிஎஸ்டி பாக்கி, கணக்கை முடக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்றார்களாம். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, இது பட்டறைக் கணக்கு இல்லை, தன் சொந்தச் சேமிப்புக் கணக்கு என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு என்ன, பான் ஒன்றுதானே? தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் கடைக்கும் ஆளுக்கும் நடுவே சட்டத்தில் சுவர் கிடையாது. கடையின் கடன் ஆளின் கடன். பட்டறை தராத பணத்துக்கு அவருடைய சேமிப்பைப் பூட்டியாகிவிட்டது.

அந்தச் சேமிப்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? ஏழெட்டு வருஷமாக வாட்ஸப்பில் புடவை விற்கிறார். ஆரணியிலிருந்தும் சேலத்திலிருந்தும் எடுத்து, போட்டோ போட்டு, முந்நூறு வாடிக்கையாளர்களுக்கு. தவணைக்குக் கொடுப்பது, வசூலிப்பது, கூரியர் போடுவது எல்லாம் அவரே. மஞ்சள் பையில் இருந்தது அந்தக் கணக்கு நோட்டு. அழகான கையெழுத்து. யார் எவ்வளவு பாக்கி என்று பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் போட்டு வைத்திருந்தார். என் ஆபீசில் பயிற்சிக்கு வருகிற பி.காம். பையன்களுக்குக் காட்டலாம் போலிருந்தது.

“பட்டறை என் பேர்ல இருக்குன்னு தெரியும் மேடம். நல்லதுக்குத்தானேன்னு கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு வரவு, எவ்வளவு கட்டணும்னு யாரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.” கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “நோட்டீஸ் வந்தப்போ நீங்க யாருக்குச் சொன்னீங்க?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். போர்ட்டலில் இருந்த கைப்பேசி எண்ணுக்குச் சொன்னேன் என்பதுதான் உண்மையான பதில். அதைத்தான் சொன்னேன். “அது அவர் நம்பர்” என்றார். ஆமாம்.

அரசாங்கத்தின் கணக்கில் பெண் தொழில்முனைவோர் என்று ஏறியிருப்பது அவருக்குச் சொந்தம் என்று பேர் பண்ணிய இரும்புப் பட்டறை. அவர் நிஜமாக நடத்துகிற புடவைத் தொழில் எந்தக் கணக்கிலும் இல்லை. அது போதாதென்று, தொழில்காரி என்ற முறையில் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. அதை அன்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பான் ஒன்று என்பதால், பட்டறைக்கு ஜிஎஸ்டி எடுத்த நாளிலிருந்து அவர் விற்ற புடவைக்கும் வரி கட்டியிருக்க வேண்டும். சின்ன வியாபாரத்துக்கு இருக்கிற 40 லட்ச விலக்கு அவருக்குக் கிடையாது. அந்த விலக்கை அவர் பெயரைச் சொல்லிப் பட்டறை தின்றுவிட்டது.

இட்லிக்கடை அக்கா

இதற்கு நேர் எதிர் ஃபைல் ஒன்று இருக்க வேண்டும், ஆனால் அதற்கு ஃபைலே இல்லை. எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போடுகிற அக்கா. காலையில் இட்லி, வடகறி. சாயங்காலம் தோசை, போண்டா. மாவாட்ட ஓர் ஆள், பாத்திரம் கழுவ ஓர் ஆள், பார்சல் கட்ட அக்காவின் நாத்தனார் பெண். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். “வேலைக்காரங்கல்லாம் யாரு மா, நாங்களேதான் பாத்துக்குறோம்” என்றார். 2013-14-இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் சுமார் 80 லட்சம், மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கே முதலிடம், 13.5 சதவீதம் இங்கேதான் என்று வந்தது. பெருமையான செய்தி. கூடவே, அந்த 80 லட்சத்தில் ஐந்தில் நான்குக்கு மேல் கூலிக்கு ஆள் வைக்காதவை என்றும் வந்தது. கணக்கெடுக்க வந்தவரிடம் எத்தனை அக்காக்கள் “நாங்களேதான்” என்று சொல்லியிருப்பார்கள் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அக்காவின் முதலீடு தண்டல். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 10,000 என்றால் கையில் 8,500 வரும், நாளுக்கு 100 வீதம் நூறு நாள். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிப் போகும். ஒரு நாள் அதை ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டினேன், பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில். அக்கா அந்தத் தாளிலேயே ஒரு வடையை வைத்துக் கொடுத்துவிட்டார். “அவன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்கே வரான். ஜாமீனுக்கு ஆம்பளையைக் கூட்டினு வான்னு கேக்கல.” அரசின் தெருவோர வியாபாரிகள் திட்டத்தில் கொரோனாவுக்குப் பிறகு 10,000 ரூபாய் அவருக்குக் கிடைத்தது, ஒழுங்காகக் கட்டியும் முடித்தார். ஆனால் மாவு மிஷின் ரிப்பேர் ஆகிற அன்றைக்குத் திட்டம் வருமா? தண்டல்காரர் வருவார்.

இந்த ஊருக்கு இது புது விஷயம் இல்லை. 1978-இல் ஜெயா அருணாசலம் இதே மெட்ராஸில் பூக்காரிகளையும் காய்கறிக்காரிகளையும் இட்லிக்கடைக்காரிகளையும் சேர்த்து உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியது இந்தத் தண்டலை எதிர்த்துத்தான். வெள்ள நிவாரணத்துக்காகக் குடிசைப் பகுதிகளுக்குப் போனவருக்கு, அந்தப் பெண்கள் கேட்பது நிவாரணம் அல்ல, வியாபாரத்துக்குக் கைமாற்று என்று புரிந்தது. ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிற குழுக்களை அமைத்து வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். சுய உதவிக் குழு என்ற சொல் அரசாணைகளில் ஏறுவதற்குப் பத்து வருஷம் முன்னால். புருஷன் கையெழுத்து வேண்டாம், பக்கத்துக் கடைக்காரியின் கையெழுத்துப் போதும் என்று நிரூபித்துக் காட்டிய ஊர் இது.

சரி, அக்காவுக்கு உத்யம் என்கிற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாவது செய்து கொடுப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். இலவசம்தான், ஆதாரும் பானும் இருந்தால் செய்துவிடலாம். ஆதார் எண்ணைப் போட்டேன். ஓடிபி போயிற்று. எங்கே போயிற்று? அக்காவின் மகன் நம்பருக்கு. மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ராத்திரி அவன் வந்த பிறகுதான் பதிவு முடிந்தது. அன்றைக்குத்தான் இன்னொன்றையும் கவனித்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கியூஆர் அட்டை மகனின் கணக்கோடு சேர்ந்தது. பணம் வந்தால் “ரூபாய் முப்பது பெறப்பட்டது” என்று ஒரு பெட்டி சத்தம் போடுகிறதே, அதைக் கேட்டுக்கொண்டு அக்கா தலையாட்டுவார். முப்பதும் நாற்பதும் மகன் கணக்கில் போய் விழும். நல்ல பையன், கேட்டால் எடுத்துக் கொடுக்கிறான். ஆனால் முன்பு அது சுருக்குப் பையில் இருந்தது, கேட்க வேண்டியிருக்கவில்லை. பூக்காரம்மா, மீன்காரம்மா, எல்லோரிடமும் இப்போது அட்டை இருக்கிறது. யார் பெயரில் என்று பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பணம் அனுப்பும்போது திரையில் பெயர் வரும், பாருங்கள்.

2024 தொடக்கத்து அரசுக் கணக்குப்படி, உத்யமில் பதிந்த நிறுவனங்களில் பெண்களுடையவை 100-க்கு 20. வேலை தருவதில் அவர்கள் பங்கு 18-க்கு மேல். முதலீட்டில் 11, விற்றுமுதலில் 10. அக்கா மாதிரியானவர்களுக்காக 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்று தனியாக ஒரு தளம் திறந்தார்கள். அதில் பெண்கள் 100-க்கு 70. அந்த 70-ஐப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான், கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் இருக்கிற விவரங்களைக் கொண்டே அங்கே பதிவு செய்கின்றன என்பது நினைவுக்கு வந்தது. கடன் வாங்கிய பெண் கணக்கில் ஏறிவிடுகிறார், அவருக்கே தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. மேலே இருக்கிற 20-இல் என் பிளாஸ்டிக் கவர்களும் சேர்த்தி. எதை எதிலிருந்து கழிப்பது?

என் கதையும் உண்டு

இத்தனையும் பேசுகிற நான் யோக்கியமா என்றால், 2019-இல் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 4 லட்சம் கடன் கேட்டுப் போனேன். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொன்னது. அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லுவது என் வேலை. மேனேஜர் அடமானம் கேட்கவில்லை. “சாரையும் ஒரு கோ-அப்ளிகன்டா போட்டுடலாம் மேடம், சுலபமா முடியும்” என்றார். என் ரிட்டர்ன்கள் மூன்று வருஷத்துக்கு என் கையாலேயே போட்டவை, சுத்தமாக இருந்தன. என் கணவரின் சம்பளத்தைவிட என் வருமானம் அதிகம். வாதாடியிருக்கலாம். மார்ச் மாதம், வேலை தலைக்கு மேல். கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் கடன் கணக்கின் இரண்டாவது தொடர்பு எண் அவருடையதுதான்.

மனைவி பெயரில் பதிவதை மோசடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மானியத்தை வாங்க ஒரு முகமூடி, அவ்வளவுதான் என்று. என் சீனியர் மறுப்பார். “பேராவது இருக்கட்டும்மா, பேர் இருந்தா என்னைக்காவது ஒரு நாள் உதவும்” என்பார். இரண்டு பக்கமும் எனக்கு இப்போது முழுசாக நம்பிக்கை இல்லை. 37-ஆம் ஃபைல்காரருக்கு அந்தப் பெயர் முதலில் கெடுதல்தான் செய்தது, சேமிப்பைப் பூட்டியது. ஆனால் அவர் என் ஆபீசில் உட்கார்ந்து “எல்லாக் கணக்கையும் காட்டுங்க” என்றபோது நான் மறுக்க முடியாமல் போனதும் அதே பெயரால்தான். கணவரைக் கேட்டுவிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? சட்டப்படி அந்தப் பட்டறையில் கணவர் யாருமே இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். கொள்முதல், விற்பனை, கழிக்கிற வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புடவை நோட்டு போட்ட கை, இரும்பைப் புரிந்துகொள்ள ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் பதினோரு மாதமாக 80,000 பாக்கி நிற்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

தவணையில் கட்ட விண்ணப்பம் போட்டோம். கணக்கு திறக்க ஏழு வாரம் ஆயிற்று. நடுவில் கணவர் ஒரு நாள் வந்தார், முகம் வாடியிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்களாவது எனக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் மேடம்” என்றார். அதுவும் சரிதான்.

போர்ட்டலில் கைப்பேசி எண்ணைத் தன் எண்ணுக்கு மாற்றச் சொன்னார் அந்த அம்மா. மாற்றினேன். மாற்றத்தை உறுதி செய்கிற கடைசி ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் போயிற்று. கணவருக்குப் போன் செய்து வாங்கினேன்.

அடுத்த மாதம் 19-ஆம் தேதி, வழக்கமான அமளிக்கு நடுவே 37-ஆம் ஃபைலை எடுத்தேன். ஓடிபி அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். “வந்திருக்கு மேடம்” என்றார். சொல்லுங்கள் என்றேன். “இருங்க, எவ்வளவு கட்டறோம்னு முதல்ல சொல்லுங்க. போன மாசத்தைவிட ஏன் அதிகம்?” இத்தனை வருஷத்தில் அந்த எண்ணைச் சொல்வதற்கு முன்னால் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பில்லை எடுத்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் ஆகி ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. மறுபடியும் அனுப்பினேன்.